மரணக் கிணற்றிலிருந்து 'மனதின் குரல்' வரை

புது தில்லி: 2025-ஆம் ஆண்டு மார்ச் 30, யுகாதி நாள். அன்று ஒலிபரப்பான 'மனதின் குரல்' வானொலி நிகழ்ச்சியின் 120-ஆவது பகுதியில் பண்டிகை வாழ்த்து, நீர் சேமிப்பு, மாணவர்களின் கோடை விடுமுறை என்று பேசிவந்த பிரதமர் நரேந்திர மோடி, நடுவே ஒரு ராப் பாடகரைப் பாராட்டினார். ஹனுமன்கைண்ட் என்ற மேடைப் பெயரால் அறியப்படும் சூரஜ் செருகாட், தமது புதிய பாடலில் களரிப்பயட்டு, கட்கா, தாங்-டா ஆகிய பாரம்பரியத் தற்காப்புக் கலைகளை இடம்பெறச் செய்துள்ளார். அதனால் உலக மக்கள் இக்கலைகளை அறிந்து வருகின்றனர் என்பது பிரதமரின் பாராட்டின் சாரம்.

பெங்களூருவில் தனியார் நிறுவனம் ஒன்றில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே, வார இறுதிகளில் மதுக்கூட மேடைகளில் பாடி வந்த ஓர் இளைஞர், ஆறே ஆண்டுகளில் பிரதமரின் வானொலி உரையில் இடம்பிடித்தார். திறமைக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று மட்டும் இதைச் சொல்லிவிட்டு நகர முடியாது. அந்த இளைஞர் வளர்ந்த மேடைகளுக்கு அரசு எப்போது, எந்த உருவில் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலில் அது உரிமம் கேட்டு வந்தது. அமெரிக்கப் பாடல் பட்டியலில் அவர் பெயர் வந்த பிறகு, அணைத்துக்கொள்ள வந்தது.

ராப் இசையை ஈழத்திலும் மலேசியாவிலும் உள்ள தமிழர்கள் 'சொல்லிசை' என்பர். பொருத்தமான பெயர். அதில் மெட்டைவிடச் சொல்லுக்குத்தான் முதலிடம். தாளத்தின் மீது வேகமாகவும் எதுகை தவறாமலும் பேசிக்கொண்டே போக வேண்டும். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் கறுப்பின இளைஞர்களிடையே 1970-களில் உருவான இக்கலை, வளர வளர அரசையும் காவல்துறையையும் கேள்வி கேட்கும் கலையாகவும் ஆனது. ஆட்சியாளர்களுக்கும் சொல்லிசைக்காரர்களுக்கும் இடையே நல்லுறவு நிலவியதற்கான சான்றுகள் எந்த நாட்டிலும் அதிகமில்லை. எனவேதான் மார்ச் 30 பாராட்டு சற்று நின்று கவனிக்கத்தக்கதாகிறது.

கோவை வழியாக பெங்களூரு: சூரஜ் செருகாட் 1992-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் பிறந்தவர். தந்தை எண்ணெய் நிறுவனப் பணியில் இருந்ததால் குடும்பம் நாடு நாடாக இடம்பெயர்ந்தது. இளமைப் பருவத்தின் பெரும்பகுதி அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்திலுள்ள ஹூஸ்டன் நகரில் கழிந்தது. அந்நகரின் ராப் இசைக்கு நியூயார்க், லாஸ் ஏஞ்சலீஸ் பாணிகளிலிருந்து வேறுபட்ட ஒரு தெற்கத்திய இழுவையும் கனமும் உண்டு. செருகாட்டின் உச்சரிப்பில் இன்றளவும் அதைக் கேட்கலாம்.

இருபது வயதை ஒட்டி இந்தியா திரும்பிய அவர் சேர்ந்தது கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. கலை, அறிவியல் கல்லூரியில், வணிக நிர்வாகவியல் பட்டப் படிப்பில். படிப்பு முடிந்ததும் பெங்களூரு. அங்கு கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தில் வேலை. கேரளத்திலும் தமிழகத்திலும் பட்டம் பெற்ற லட்சக்கணக்கானோர் சென்ற அதே பாதைதான். மாலையில் அலுவலக அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார் என்பது மட்டுமே வேறுபாடு. 2019-இல் 'களரி' என்ற தலைப்பில் முதல் பாடல் தொகுப்பு வெளியானது. அதே ஆண்டு வேலையை விட்டார். ஆண்டிறுதியில் புணேயில் நடைபெற்ற 'என்.எச்.7 வீக்கெண்டர்' இசை விழாவில் அவருக்கு மேடை கிடைத்தது. அனுமனையும் மானுடத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்து அவர் சூட்டிக்கொண்ட பெயர் அதற்குள் பெங்களூரு ரசிகர்களுக்குப் பழகியிருந்தது.

மச்சான்களின் நகரம்: அவர் வந்து சேர்ந்தபோது பெங்களூருவில் ராப் புதியதல்ல. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஆர்குட் என்ற சமூக வலைதளம் உயிரோடு இருந்த காலத்தில், அதன் குழுக்களில் எதுகை மோனையுடன் ஒருவரை ஒருவர் எழுத்திலேயே தாக்கிக்கொண்டு பழகிய இளைஞர்கள் அந்நகரில் இருந்தனர். அவர்களில் புரோதா வி என்ற பெயரில் பாடும் விக்னேஷ் சிவானந்த், ஸ்மோக்கி த கோஸ்ட் என்ற பெயரில் பாடும் சுமுக் மைசூர் உள்ளிட்டோர் அமைத்த குழுவின் பெயர் 'மச்சாஸ் வித் ஆட்டிட்யூட்'. அமெரிக்காவின் புகழ்பெற்ற ராப் குழு ஒன்றின் பெயரைக் கிண்டலாகத் திருப்பிப் போட்டு வைத்த பெயர் அது. மைத்துனனைக் குறிக்கும் தமிழ்ச் சொல், தமிழர், கன்னடர், மலையாளி, தெலுங்கர் என்ற வேறுபாடின்றி பெங்களூரு இளைஞர்கள் அனைவரும் நண்பனை விளிக்கும் சொல்லாக மாறி, கடைசியில் ஒரு ராப் குழுவின் பெயர்ப் பலகையிலும் ஏறிவிட்டது. காவிரிப் பிரச்னை சூடேறிய ஆண்டுகளில்கூட அந்தச் சொல்லை எவரும் திருப்பி அனுப்பவில்லை.

2012-இல் ராமர் பஜனையின் மெட்டையும் ஆங்கில ராப்பையும் இணைத்து புரோதா வி வெளியிட்ட 'ஆத்ம ராமா' நாடெங்கும் பரவியது. மறு ஆண்டு ஹிந்தித் திரைப்படமான 'சென்னை எக்ஸ்பிரஸ்' இக்குழுவினரைப் பயன்படுத்திக்கொண்டது. இன்னொரு பக்கம் சந்தன் ஷெட்டி, ஆல் ஓகே என அறியப்படும் அலோக் பாபு, ராகுல் டிட்டோ போன்றோர் கன்னடத்தில் ராப் பாடித் தனி ரசிகர் கூட்டத்தைத் திரட்டினர். மும்பையின் சேரிப்பகுதி ராப் பாடகர்களான நேஸி, டிவைன் ஆகியோரின் வாழ்க்கையிலிருந்து உருவான 'கல்லி பாய்' திரைப்படம் 2019 பிப்ரவரியில் வெளியானபோது, ராப் என்றாலே மும்பை, ஹிந்தி என்ற எண்ணம் நாட்டில் வேரூன்றியது. பெங்களூருவின் ஆங்கில ராப்புக்கு அந்த வெளிச்சத்தில் இடம் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் பாடினால் மெத்தப் படித்தவர்கள் மட்டுமே கேட்பார்கள். படித்தவர்களோ அமெரிக்கப் பாடலையே கேட்டுக்கொள்வார்கள் என்பது இசை வணிகத்தில் இருந்தோரின் கணக்கு.

மொழி விஷயத்தில் பெங்களூருவின் நிலை எளிதானதல்ல. பெயர்ப் பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று கோரி 2023 டிசம்பரில் கன்னட அமைப்புகள் வீதியில் இறங்கின. 2024 தொடக்கத்தில் கர்நாடக சட்டப்பேரவை அதற்கான சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டில், அந்நகரில் வளர்ந்த ஒரு மலையாளி ஆங்கிலத்தில் பாடிய பாடல் உலகைச் சுற்றியது.

மேடைக்கும் போலீஸ் உரிமம்: செருகாட் போன்றோர் பாடிப் பழகிய இடங்கள் பெரும்பாலும் இந்திராநகர், கோரமங்களா வட்டாரத்து மதுக்கூடங்களும் உணவகங்களும்தான். ஓரத்தில் சிறு மேடை, எதிரே நூறு பேர். அவர்களில் பாதிப் பேர் உணவுத் தட்டில் கவனமாக இருப்பார்கள். ராப் பாடகர்களுக்கு அந்நகரம் அளித்த பயிற்சிக் கூடம் அதுவே. அந்தக் கூடத்துக்கு 2018-இல் ஒரு சோதனை வந்தது.

அதன் பின்னணி சட்டம் சார்ந்தது. பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வழங்கவும் அவற்றைக் கட்டுப்படுத்தவும் பெங்களூரு காவல்துறை 2005-இல் ஓர் ஆணையைப் பிறப்பித்தது. பெண்கள் நடனமாடும் 'லைவ் பேண்ட்' மதுக்கூடங்களைக் கட்டுக்குள் கொண்டுவருவதே அப்போது முதன்மை நோக்கம். உணவக உரிமையாளர்கள் சங்கம் அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை வந்தது. 2018 ஜனவரி 25-இல் நீதிபதிகள் ஆர்.கே. அகர்வால், ஏ.எம். சப்ரே ஆகியோர் அந்த ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தனர். சில மாதங்களில் பெங்களூரு போலீஸார் நகரின் மதுக்கூடங்களுக்கு நோட்டீஸ் அனுப்பத் தொடங்கினர். கிதார் வாசிப்பவருக்கும் ராப் பாடுபவருக்கும் காபரே நடனத்துக்கும் ஆணையில் வேறுபாடு இல்லை. இசை நிகழ்ச்சி நடத்த வேண்டுமானால் போலீஸ் உரிமம் வேண்டும். உரிமம் வேண்டுமானால் கட்டடத்துக்குக் குடியேற்றச் சான்றிதழ் வேண்டும். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். குடியிருப்பாக இருந்து மதுக்கூடமாக மாறிய இந்திராநகர்க் கட்டடங்களில் எத்தனை, குடியேற்றச் சான்றிதழைக் காட்ட முடியும்? பல இடங்களில் ஒலிபெருக்கிகள் மௌனமாயின. இரவு இரைச்சலால் அவதிப்பட்டு வந்த அப்பகுதிவாசிகள் இதை வரவேற்றனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்களது புகாரில் நியாயம் இருந்தது. மறு ஆண்டு, இந்திராநகரில் புதிய இசைக்குழுக்களுக்குப் புகலிடமாக இருந்த 'ஹம்மிங் ட்ரீ' மூடப்பட்டது.

இங்கே ஒரு முரண். நாடகங்களைத் தடை செய்ய ஆங்கிலேய அரசு கொண்டுவந்த 1876-ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை நாடாளுமன்றம் காலாவதிச் சட்டங்களின் பட்டியலில் சேர்த்து நீக்கியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்து அது சட்டப் புத்தகத்திலிருந்து அகன்றதும் அதே 2018 ஜனவரியில்தான். வைஸ்ராய் காலத்துச் சட்டம் போன மாதத்திலேயே, போலீஸ் ஆணையர் காலத்து ஆணை உறுதி பெற்றது.

அந்த ஆண்டுகளில் செருகாட் எழுதிய பாடல்களில் அரசியல் தொனியும் உண்டு. பெங்களூருவின் சந்துகளில் படமாக்கப்பட்ட 'செங்கிஸ்' பாடலில், நாட்டின் தொல்லைகளுக்குக் கட்சிகளின் சண்டை ஒரு காரணம் என்று அவர் போகிறபோக்கில் சாடுகிறார். எந்தக் கட்சி என்று சொல்லவில்லை. கேட்பவர் தமக்குப் பிடிக்காத கட்சியை நிரப்பிக்கொள்ளலாம்.

பொன்னானியில் சுழன்ற கார்: 2024 அவரது ஆண்டு. ஏப்ரலில் வெளியான ஃபகத் ஃபாசில் நடித்த 'ஆவேசம்' மலையாளத் திரைப்படத்தில், சுஷின் ஷியாம் இசையில் அவர் ஒரு பாடல் எழுதிப் பாடினார். பெங்களூருவில் படிக்கச் சென்ற மலையாள மாணவர்களைப் பற்றிய கதை என்பதால் அவருக்கு அது அந்நிய நிலமாக இருந்திருக்காது. ஜூலை 9-இல் 'பிக் டாக்ஸ்' வெளியானது. இசை, ஹைதராபாதைச் சேர்ந்த கல்மி. காணொலியை இயக்கியவர் பிஜோய் ஷெட்டி. படமான இடம், செருகாட்டின் சொந்த மாவட்டத்திலுள்ள பொன்னானி.

பொருட்காட்சிக்குச் சென்ற தமிழர்களுக்கு மரணக் கிணற்றை விளக்க வேண்டியதில்லை. பலகைகளை அடுக்கிக் கட்டிய பீப்பாய் வடிவக் கூண்டு. மேலே விளிம்பைச் சுற்றிப் பார்வையாளர்கள். உள்ளே செங்குத்துச் சுவரில் மோட்டார் சைக்கிள்களும் பழைய மாருதி கார்களும் சுற்றிச் சுற்றி ஏறும். வேகம் குறைந்தால் கீழே விழ வேண்டியதுதான். விளிம்பருகே வந்து, நீட்டிய கைகளிலிருந்து ரூபாய் நோட்டுகளைப் பறித்துச் செல்வார்கள். செருகாட் அந்தக் கிணற்றின் நடுவில் நின்று பாடினார். அவரைச் சுற்றிச் சுவரில் வண்டிகள் பறந்தன. கணினி வரைகலை கிடையாது. இந்தியா என்றால் யோகா அல்லது திருமண ஊர்வலம் என்று பழகிய மேலைநாட்டுப் பார்வையாளர்கள், இது உண்மையா என்று கேட்டுக்கொண்டே மீண்டும் மீண்டும் பார்த்தனர்.

அமெரிக்காவின் 'பில்போர்டு ஹாட் 100' பட்டியலில் அப்பாடல் 23-ஆம் இடம் வரை ஏறியது. இந்தியாவில் இருந்துகொண்டு பாடும் ஒருவருக்கு அரிதிலும் அரிதான இடம் அது. 'டெஃப் ஜாம் இந்தியா' உடனான ஒப்பந்தம், அமெரிக்க ராப் பாடகர் ஏசாப் ராக்கி இணைந்து பாடிய மறுவடிவம், தென்கொரியாவின் 'ஸ்குவிட் கேம்' தொடரின் இரண்டாம் பகுதிக்கு ஒரு பாடல், டிசம்பரில் ஆஷிக் அபுவின் 'ரைஃபிள் கிளப்' படத்தில் வில்லத்தனமான வேடம், 2025 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் கேரளத்துச் செண்டை மேளக் குழுவுடன் மேடை என்று அடுத்தடுத்து நிகழ்ந்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடலாம். வானொலிக்கும் திரைப்படத்துக்கும் காத்திராமல், சொந்தப் பாடலால் முதலில் வெளிநாட்டிலும் பின்னர் உள்நாட்டிலும் அறியப்பட்டது இந்திய இசைத் தொழிலில் புதிய வழி. 'ஆவேசம்' வந்தபோது அவரைத் தெரியாத பலர், 'பிக் டாக்ஸ்' பாடலுக்குப் பிறகு அந்தப் படப் பாடலைத் தேடிச் சென்றனர்.

கிணற்றில் வண்டி ஓட்டியவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியும் எழாமல் இல்லை. திருவிழாவுக்குத் திருவிழா, ஊருக்கு ஊர் கூண்டைப் பிரித்து லாரியில் ஏற்றிச் செல்பவர்கள் அவர்கள். தொழிலாளர் சட்டங்களின் மொழியில் அமைப்புசாராத் தொழிலாளர்கள். அத்தகையோரைப் பதிவு செய்ய மத்திய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் அதிகமானோர் பதிவு செய்துள்ளனர். பதிவு செய்வதால் மரணக் கிணற்றில் தவறி விழுபவரின் குடும்பத்துக்கு எந்த அளவு உதவி சென்று சேரும் என்பது வேறு விஷயம். பாடலில் அவர்களை வெறும் பின்னணியாக நிறுத்தாமல், முகங்களை நெருங்கிக் காட்டியிருப்பது இயக்குநரின் நேர்மை.

லாங் ஐலண்டில் ஓர் அணைப்பு: பாடல் வெளியாகி 75 நாள்கள். 2024 செப்டம்பர் 22-இல், நியூயார்க் அருகே லாங் ஐலண்டிலுள்ள நசாவ் அரங்கில் அமெரிக்க வாழ் இந்தியர்கள் முன்னிலையில் பிரதமர் மோடி உரையாற்றினார். அவர் வருவதற்கு முன் நடந்த கலை நிகழ்ச்சியில் இசையமைப்பாளர் தேவி ஸ்ரீ பிரசாத், குஜராத்திப் பாடகர் ஆதித்ய காத்வி ஆகியோருடன் ஹனுமன்கைண்டும் பாடினார். மேடைக்கு வந்த பிரதமர் மூவரையும் தழுவிக்கொண்டார். ஹனுமன்கைண்டை அணைத்தபோது 'ஜெய் ஹனுமான்' என்றார். அந்தக் காட்சி சில மணி நேரத்தில் நாடெங்கும் பரவியது.

ரசிகர்களில் ஒரு சாராருக்கு அது பிடிக்கவில்லை. அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் கலையைக் கையில் எடுத்தவர் அதிகாரத்தின் மேடையில் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டனர். நாட்டின் பிரதமர் வெளிநாட்டில் பங்கேற்கும் நிகழ்ச்சியில் பாடுவது எப்படித் தவறாகும் என்று மறு சாரார் கேட்டனர். இரு தரப்புக் கேள்வியிலும் பொருள் உண்டு. பிரதமரைப் பொருத்தவரை இதில் வியக்க எதுவுமில்லை. புகழ்பெற்ற கலைஞர்களையும் விளையாட்டு வீரர்களையும் மேடையில் அருகே நிறுத்திக்கொள்வது ஜவாஹர்லால் நேரு காலத்திலிருந்தே தில்லியின் பழக்கம். அனுமனின் பெயரைத் தாங்கிய ஒரு பாடகர், அமெரிக்காவில், தேர்தல் முடிந்த மூன்றாம் மாதத்தில், தானே அகப்பட்டார் என்பதே புதிது. படிப்பதற்கு மதப் பாடகரின் பெயர் போலத் தோன்றினாலும், அவருடைய பாடல்கள் வீட்டில் பெரியவர்கள் முன்னிலையில் கேட்கத்தக்கவை அல்ல என்பதை அந்த மேடையில் யாரும் நினைவூட்டவில்லை.

அணைப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. 2021 மார்ச்சில் வெளிவந்து உலகத் தமிழர்களைக் கவர்ந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாடலின் வரிகளை எழுதி, உடன் பாடியவர் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. தேயிலைத் தோட்டக் கூலிகளாக இலங்கை சென்ற தம் முன்னோரின் நினைவிலிருந்து பிறந்தது அப்பாடல். அதே ஆண்டு ஆகஸ்டில் இசை இதழ் ஒன்றின் அட்டைப் படத்தில் அவர் விடுபட்டது சர்ச்சையானது. 2022 ஜூலை 28-இல் பிரதமரும் தமிழக முதல்வரும் பங்கேற்ற சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் அரங்கேறியபோதும் அவர் மேடையில் இல்லை. தமது ஆதங்கத்தை அவர் வெளியிட்டார். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தம் தரப்பு விளக்கத்தை அளித்தார். பாடல் ஒன்றின் உரிமை யாருக்கு என்ற அந்த வழக்கு மக்கள் மன்றத்தில் முழுதாகத் தீரவில்லை.

கேரளத்தில் இன்னொருவர் இருக்கிறார். வேடன் என்று அறியப்படும் திருச்சூர் ஹிரண்தாஸ் முரளி. தாய், யாழ்ப்பாணத் தமிழர். ஜாதிக் கொடுமைகளைப் பற்றி மலையாளத்தில் 2020-இல் அவர் வெளியிட்ட 'வாய்ஸ் ஆஃப் தி வாய்ஸ்லெஸ்' பாடல் தலித் இளைஞர்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது. ஹனுமன்கைண்டின் பாடலைப் பிரதமர் பாராட்டிய இரண்டே மாதங்களுக்குள், 2025 மே மாதத்தில், வேடனின் அந்த ஐந்தாண்டுப் பழைய பாடல் பிரதமரை இழிவுபடுத்துவதாகக் கூறி, பாலக்காடு நகராட்சியின் பாஜக உறுப்பினர் ஒருவர் தேசியப் புலனாய்வு அமைப்புக்குப் புகார் அனுப்பினார். ஏப்ரல் இறுதியில் கஞ்சா வழக்கிலும் சிறுத்தைப் பல் வழக்கிலும் வேடன் கைதாகி ஜாமீனில் வெளிவந்திருந்தார். பின்னர் அவர் மீது பாலியல் புகார்களும் எழுந்தன. அவை சட்டப்படி விசாரிக்கப்பட வேண்டியவை. எந்தப் பாடலின் புகழும் அவற்றை மூடிவிடக் கூடாது. ஆனால் ஒரு பாடலின் வரிகளுக்காகப் பயங்கரவாதத்தை விசாரிக்கும் அமைப்பின் கதவைத் தட்டுவது வேறு வகையைச் சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் கேரள அரசு அவருக்குச் சிறந்த பாடலாசிரியர் விருதை அறிவித்தது. அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. ஆங்கிலத்தில், அமெரிக்கப் பாணியில், கட்சியின் பெயர் சொல்லாமல் பாடுபவரை அணைத்துக்கொள்வது ஆட்சியாளர்களுக்கு எளிது. தாய்மொழியில் ஜாதியின் பெயரைச் சொல்லிப் பாடுபவரை என்ன செய்வது என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம், கட்சிக்குக் கட்சி தடுமாறுகின்றனர்.

பாராட்டும் பதக்கமும்: 'மனதின் குரல்' பாராட்டைப் பெற்ற பாடல் 2025 மார்ச்சில் வெளியான 'ரன் இட் அப்'. செண்டை மேளத்தின் மீது எழுப்பப்பட்ட அப்பாடலின் காணொலியில் கேரளத்தின் களரிப்பயட்டு, பஞ்சாபின் கட்கா, மகாராஷ்டிரத்தின் மர்தானி கேல், மணிப்பூரின் தாங்-டா ஆகியவை வருகின்றன. தெய்யமும் கருடன் பறவையும் உண்டு. பிஜோய் ஷெட்டியே இதற்கும் இயக்குநர். நான்கு மாநிலத்துக் கலைஞர்கள் தத்தம் ஆயுதங்களுடன் வந்து நிற்கின்றனர்.

இக்கலைகளுக்கு மத்திய அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022 ஜூனில் ஹரியாணாவின் பஞ்ச்குலாவில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் களரிப்பயட்டு, கட்கா, தாங்-டா, மல்லகம்பம் ஆகிய நான்கும் சேர்க்கப்பட்டன. 2023-இல் கோவா தேசிய விளையாட்டுப் போட்டிகளில் களரிப்பயட்டு பதக்கத்துக்குரிய போட்டியாக இருந்தது. கேரளம் அதில் தங்கங்களைக் குவித்தது. 2025 ஜனவரி, பிப்ரவரியில் உத்தரகண்டில் நடைபெற்ற 38-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான பட்டியல் வந்தபோதோ, களரிப்பயட்டு காட்சிப் போட்டியாக இறக்கப்பட்டிருந்தது. உடன் அவ்வாறு இறக்கப்பட்டிருந்த யோகாசனத்துக்கும் மல்லகம்பத்துக்கும் பின்னர் பதக்கத் தகுதி திரும்ப அளிக்கப்பட்டது. களரிக்கு அளிக்கப்படவில்லை. விவகாரம் தில்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. கேரளத்தில் அரசியல் பிரச்னையாகவும் ஆனது. பிப்ரவரி 14-இல் போட்டிகள் முடிந்தன. களரிவீரர்கள் தேசியப் பதக்கப் பட்டியலில் இடம்பெறாமல் ஊர் திரும்பிய ஆறு வாரங்களில், அக்கலையை உலகறியச் செய்ததாக ஒரு பாடலைப் பிரதமர் பாராட்டினார். தேசியப் போட்டிகளை முடிவு செய்வது இந்திய ஒலிம்பிக் சங்கம், பிரதமர் அலுவலகம் அல்ல என்று அதிகாரிகள் விளக்கம் கூறலாம். பதக்கம் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையோ கல்லூரி இடமோ கேட்கத் தகுதி உண்டு. பாடலில் இடம்பெற்றதைக் காட்டி எதையும் கேட்க முடியாது.

தாங்-டாவின் கதை இதைவிடக் கனமானது. அது மணிப்பூரின் மெய்தி மக்களின் கலை. தாங் என்றால் வாள், டா என்றால் ஈட்டி. அம்மாநிலத்தில் மெய்தி, குகி-ஜோ மக்களிடையே 2023 மே 3-இல் மூண்ட மோதல்களில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல்லாயிரம் பேர் முகாம்களில் இருந்தனர். 2025 பிப்ரவரி 9-இல் முதல்வர் பிரேன் சிங் பதவி விலகினார். 13-இல் குடியரசுத் தலைவர் ஆட்சி அமலுக்கு வந்தது. அரசமைப்புச் சட்டத்தின்படி இரு மாதங்களுக்குள் அதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை.

'மனதின் குரல்' நிகழ்ச்சியில் தாங்-டாவின் பெயர் ஒலித்த அதே வாரத்தில் அந்தத் தீர்மானம் மக்களவைக்கு வந்தது. ஏப்ரல் 2-ஆம் தேதி முழுவதும் வக்ஃப் திருத்த மசோதா மீது விவாதம் நடந்தது. வாக்கெடுப்பு முடிந்தபோது நள்ளிரவு கடந்து, 3-ஆம் தேதி பிறந்திருந்தது. உறுப்பினர்கள் பலர் எழுந்து வெளியேறத் தொடங்கிய நேரத்தில், அதிகாலை சுமார் 2 மணிக்கு, மணிப்பூர்த் தீர்மானத்தை உள்துறை அமைச்சர் அமித் ஷா எடுத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக விவாதம் நடந்தது. குரல் வாக்கெடுப்பில் தீர்மானம் நிறைவேறியதும் அவை ஒத்திவைக்கப்பட்டது.